மழைக்காலத்தில் மஸ்கட் விமானம், வானத்துக் குலுக்கல், சூடாகும் கடல்: அம்மாவை அனுப்பலாமா?

#1 தக்கலை வாசகி

என் தங்கைக்கு மஸ்கட்டில் ஆவணி மாதம் பிரசவம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஆடியிலேயே போய்ச் சேர வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட்டும் பார்த்து வைத்தாயிற்று. இப்போது அம்மா போகமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வீடியோ காட்டிவிட்டார்கள்: 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானத்தின் உள்பக்கம். கூரைப் பலகை பெயர்ந்து, ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கி, சாப்பாடெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கிறது. "பூமி சூடாகிறது, இனி விமானப் பயணம் எல்லாம் இப்படித்தான்" என்று பின்னால் ஒரு குரல் வேறு.

அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. அறுபதைத் தாண்டியவர், எலும்புத் தேய்மானம் உண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நேரத்தில் அரபிக்கடலுக்கு மேலே பறப்பது ஆபத்தா? வானம் உண்மையிலேயே மோசமாகி வருகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகாது" என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்கெல்லாம் அம்மா மசியவில்லை.

#2 இரணியல்காரன்

வளைகுடாவில் வேலை பார்த்த காலம் முழுக்க விடுமுறைக்கு வந்து போனவன் நான். அப்போதும் குலுங்கியது, இப்போதும் குலுங்குகிறது. அப்போது யார் கையிலும் கேமரா இல்லை. எது நடந்தாலும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அம்மாவைத் தைரியமாக அனுப்புங்கள்.

#3 மார்த்தாண்டம் பறவை

தங்கச்சி, நான் வளைகுடா விமானங்களில் கேபின் வேலை பார்க்கிறவள். அம்மாவின் பயத்தை ஒன்றுமில்லாதது என்று தள்ளிவிடாதீர்கள். டர்புலன்ஸில், அதாவது காற்றுக் கொந்தளிப்பில், அடிபடுகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். 2009 முதல் 2022 வரை அமெரிக்க விமானங்களில் இப்படிப் படுகாயம் அடைந்தவர்கள் 163 பேர். அதில் பெரும்பகுதி கேபின் பணியாளர்கள். பயணிகள் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நாங்கள் நடக்கிறோம், குனிகிறோம், தள்ளுவண்டி தள்ளுகிறோம்.

அந்த வண்டியில் சாப்பாடும் தண்ணீரும் முழுக்க அடுக்கினால் ஓர் ஆளின் எடைக்கு மேல் வரும். அடியில் இரண்டு மிதிகள்: சிவப்பை மிதித்தால் பிரேக் விழும், பச்சையை மிதித்தால் விடும். விமானம் லேசாக ஆட ஆரம்பித்தாலே என் கால் தானாகச் சிவப்பைத் தேடும். வண்டி மேலே இருக்கிற சூடான டீ ஜாடியைத் தரைக்கு இறக்குவோம். பின்பக்கம் போக நேரம் இல்லையென்றால் பக்கத்தில் காலி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுவோம். இடமே இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வோம். பயிற்சியில் சொல்லித் தருவதே இதுதான். எங்களை அப்படிப் பார்த்துவிட்டு "விமானம் விழப் போகிறது" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். தூங்கும்போதும் போட்டிருக்கட்டும். வயிற்றுக்கு மேலே வேண்டாம், தொடை மடிப்பை ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். சேலை கட்டினால் கொசுவத்தின் மேல் பெல்ட் வழுக்கி மேலே ஏறும், ஒரு முறை கீழே இழுத்துச் சரி செய்யச் சொல்லுங்கள். போர்வை போர்த்தினால் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடட்டும். விளக்கு எரியும்போது நாங்கள் பார்த்துவிட்டு எழுப்பாமல் போய்விடுவோம்.

#4 பழைய வானிலைக்காரன்

வாசகி அம்மா கேட்டதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிங்கப்பூர் விமானம், எஸ்க்யூ 321. 2024 மே 21 அன்று மியான்மருக்கு மேலே 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. 211 பயணிகள், 18 பணியாளர்கள். சிங்கப்பூரின் விசாரணை அமைப்பு ஒரு வாரத்தில் முதற்கட்டத் தகவலை வெளியிட்டது. விமானம் வளர்ந்துகொண்டிருந்த மேகத் திரட்சிக்கு மேலாகப் போயிருக்கலாம் என்கிறது அது. முதலில் லேசான அதிர்வு. பெல்ட் விளக்கைப் போட்டுவிட்டதாக விமானி சொல்கிறார். அதற்கு 8 நொடி கழித்து, 0.6 நொடிக்குள் உடல் மேலுள்ள விசை பிளஸ் 1.35 ஜியிலிருந்து மைனஸ் 1.5 ஜிக்குப் போகிறது (தரையில் நிற்கும்போது நாம் உணர்கிற எடைதான் 1 ஜி). அதாவது பெல்ட் போடாதவர்கள் கூரைக்குப் பறக்கிறார்கள். அடுத்த 4 நொடிக்குள் மறுபடி பிளஸ் 1.5 ஜி. பறந்தவர்கள் கீழே விழுகிறார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். பலருக்கு முதுகெலும்பில் அடி.

இந்த நேரத்தில் விமானம் இறங்கிய உயரம் எவ்வளவு தெரியுமா? 178 அடி. செய்திகளில் "6,000 அடி விழுந்தது" என்று வந்தது. 31,000 அடிக்கு இறங்கியது விமானிகள் தாங்களே பிறகு இறக்கியது. விமானம் விழவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் தூக்கி எறியப்பட்டார்கள்.

இரண்டாவது, "55 சதவீதம் கூடிவிட்டது" என்று எல்லாரும் சொல்கிற ஆய்வு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் குழுவினர் 2023இல் வெளியிட்டது. வட அட்லாண்டிக்கில் ஒரு சராசரி இடத்தை எடுத்துக்கொண்டால், மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் கடுமையான கொந்தளிப்பு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020இல் 27.4 மணி நேரம். அதுதான் அந்த 55 சதவீதம். அதன் காரணம் ஜெட் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற காற்றாறு அது. பூமி சூடாகச் சூடாக அந்த உயரத்தில் தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கூடுகிறது. வித்தியாசம் கூடினால், கொஞ்சம் உயரம் மாறினாலே காற்றின் வேகம் சட்டென்று மாறும். ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் உரசிக் கலங்கும். தரைமட்டத்தில் கதை நேர்மாறு. துருவம் வேகமாகச் சூடாவதால் அங்கே வித்தியாசம் குறைகிறது. இதைக் கவனிக்காமல்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே சிங்கப்பூர் விமானத்துக்கு நேர்ந்தது மேகத்தின் வேலையாகத் தெரிகிறது, 55 சதவீதம் ஜெட் காற்றின் வேலை. இரண்டும் டர்புலன்ஸ்தான், பிறப்பிடம் வேறு. நம் குமரிக்கும் மஸ்கட்டுக்கும் இடையே கவனிக்க வேண்டியது முதல் வகை.

#5 இரணியல்காரன்

நானும் அதைத்தானே சொல்கிறேன்? 55 சதவீதம் அட்லாண்டிக் கதை. அதிலும் ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் 27 மணி நேரம். நமக்கு அதில் ஒன்றுமில்லை. பிறகு எதற்கு இந்தப் பயம்?

#6 கோட்டார் ஆசிரியர்

ஒன்றுமில்லை என்று முடித்துவிட முடியாது, அண்ணாச்சி. சார் சொன்ன முதல் வகையே போதும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இது நானே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இயற்பியல். இடிமேகம் மேலெழும்ப வேண்டிய சக்தியை அந்த நீராவிதான் தருகிறது. நீராவி மழைத்துளியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் உந்துகிறது. நம் பக்கத்து இடிமேகத்தின் உச்சி 50,000 அடியைத் தாண்டும். விமானம் பறப்பதோ 30,000க்கும் 40,000க்கும் நடுவில். மேலே ஏறித் தாண்ட வழியில்லை, சுற்றித்தான் போக வேண்டும்.

அரபிக்கடலைப் பாருங்கள். முன்பெல்லாம் புயல் என்றால் வங்கக்கடல்தான். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து அரபிக்கடலில் புயல்கள் கூடியிருப்பதையும் அவை நீண்ட நேரம் நீடிப்பதையும் காட்டியது. கடல் மேற்பரப்பு சூடாவதோடு அதைச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கடலுக்கு மேலேதான் நம் ஆட்கள் அத்தனை பேரும் பறக்கிறார்கள்.

ஆபத்து எவ்வளவு என்பது வேறு கேள்வி. வானம் மாறவே இல்லை என்பது சரியல்ல.

#7 தூத்தூர் ஆழ்கடல்

கடல் மாறிவிட்டது என்று எங்களிடம் யாரும் ஆய்வு காட்டத் தேவையில்லை. 2017 நவம்பர் 29 ராத்திரி, 30 பகல். ஒக்கிப் புயல். எங்கள் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் அன்று திரும்பாதவர்களின் படம் சுவரில் இருக்கும். அந்தப் பருவத்தில் அந்தத் திசையில் அப்படி ஒரு காற்றை எங்கள் பெரியவர்கள் யாரும் பார்த்ததில்லை. கச்சான் (மேல்காற்று) எப்போது விழும், எப்போது ஓயும் என்று அப்பாமார் கணித்த கணக்கு இப்போது பிடிபடுவதில்லை.

அந்தம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஆழ்கடல் தங்கலுக்குப் போனால் வாரக்கணக்கில் போட்டிலேயே கிடப்போம். பெரிய அலை வந்தால் போட்டு ஏறும், இறங்கும். அலை போட்டை உடைப்பதில்லை. கையில் பிடிமானம் இல்லாமல் நிற்கிற ஆளைத்தான் தூக்கி அடிக்கும். அதனால் மோசமான நேரத்தில் மேல்தட்டில் ஆளை நிற்க விடமாட்டோம். மார்த்தாண்டம் தங்கச்சி சொன்ன பெல்ட்டும் அதே கணக்குதான். பயப்பட வேண்டாம் மக்களே, அம்மாவை உட்கார்ந்து போகச் சொல்லு.

எனக்கு ஒரு சந்தேகம். கடலில் எங்களுக்கு இப்போது நாவிக் கருவியில் புயல் செய்தி வருகிறது. ஒக்கி நேரத்தில் அது இல்லை. மேலே போகிற விமானத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

#8 கருங்கல்–ஷார்ஜா

அண்ணே, நான் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். விமானத்தின் மூக்குக்குள் ஒரு வானிலை ரேடார் இருக்கிறது. மேகத்தில் உள்ள மழைத்துளியில் பட்டுத் திரும்புகிற அலையை வைத்துத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். விமானி சிவப்பை ஒதுக்கி, பெரிய இடிமேகத்துக்கு 20 கடல் மைல் தள்ளிப் போவார். இரண்டு இடத்தில் ரேடார் கைவிடும். மேகமே இல்லாத தெளிந்த வானக் கொந்தளிப்பு அதற்குத் தெரியாது, துளி இல்லையே. இடிமேகத்தின் உச்சியில் இருப்பது பனிப்படிகம், அதிலும் அலை சரியாகத் திரும்பாது. 2022 டிசம்பரில் ஹொனலூலுவுக்குப் போன ஒரு ஹவாயியன் விமானத்தின் முன்னால் மேகம் புகை மாதிரி நொடிகளில் மேலெழும்பியது. ஒதுங்க நேரம் கிடைக்கவில்லை, 25 பேருக்குக் காயம். மற்றபடி முன்னே போன விமானத்தின் விமானி ரேடியோவில் சொல்வார். இப்போது குலுக்கலின் அளவை விமானமே தானாக அனுப்பி, பின்னால் வருகிற விமானங்களுக்குக் காட்டுகிற ஏற்பாடும் வந்துவிட்டது. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா அதை நடத்துகிறது.

"இறக்கை ஒடிந்துவிடாதா" என்று என் வீட்டிலும் கேட்பார்கள். பெரிய பயணிகள் விமானம் பிளஸ் 2.5 ஜி வரை எந்தச் சேதமும் இல்லாமல் தாங்க வேண்டும். அந்தச் சுமையை ஒன்றரை மடங்காக ஏற்றியும் இறக்கை முறியக் கூடாது. அப்படிச் சோதித்துக் காட்டினால்தான் அனுமதி. போயிங் 787ஐ 2010இல் இப்படிச் சோதித்தபோது இறக்கை நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இறக்கை ஆடுவது தெரியும். அது ஆடத்தான் வேண்டும், விறைப்பாக இருந்தால்தான் ஆபத்து.

கடுமையான குலுக்கலில் மாட்டிய விமானம் இறங்கியதும் அப்படியே மறுபடி பறக்காது. பறப்புப் பதிவில் விசை எவ்வளவு போனது என்று எடுத்துப் பார்ப்போம். இறக்கை உடலோடு சேருகிற இடம், வால், எஞ்சின் தொங்குகிற பகுதி எல்லாவற்றையும் டார்ச் அடித்து, தேவைப்பட்டால் மூடியைக் கழற்றிப் பார்ப்போம். ரிவெட்டைச் சுற்றி பெயின்ட் விரிந்திருக்கிறதா, தகடு அலை அலையாகச் சுருங்கியிருக்கிறதா என்பதுதான் முதலில் கண்ணில் பட வேண்டியது. எல்லாம் சரி என்று ஓர் ஆள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் கிளம்பும். அந்தக் கையெழுத்துக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

#9 முப்பந்தல் காத்தாடி

காற்றாலை வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி வரும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் டவர் மேலே ஏறி நின்றால்தான் இன்னொன்று தெரியும். வெட்டவெளியில் நிற்கிற காத்தாடிக்கும் மலையடிவாரத்தில் நிற்கிற காத்தாடிக்கும் ஒரே காற்றுதான், ஒரே வேகம்தான். வெளியில் இருப்பது சீராகச் சுற்றும். மலைக்குப் பின்னால் இருப்பது உதறும். பிளேடு போல்ட்டை அடிக்கடி இறுக்க வேண்டியிருப்பது அதில்தான். மலையில் மோதி மறுபக்கம் இறங்குகிற காற்று சுழன்று சுழன்று வருகிறது.

சென்னையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் இறங்குகிற விமானம் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானில் ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் போயிங் 707 ஒன்று மலையலையில் சிக்கி வானத்திலேயே உடைந்தது, 124 பேர் இறந்தார்கள். கொந்தளிப்பில் எந்த விமானமும் உடைந்ததே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகுதான் மலைப்பக்கக் காற்றை விமானிகள் இவ்வளவு மரியாதையோடு பார்க்கிறார்கள். மஸ்கட் விமானம் கடல் வழியாகவே போய் வரும், அதற்கு நம் மலையால் தொந்தரவு இல்லை.

#10 தக்கலை வாசகி

எல்லாருக்கும் நன்றி. 178 அடி விவரத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ விழலையா?" என்று கேட்டார், கொஞ்சம் முகம் தெளிந்தது. ஆனால் இப்போது அக்கம்பக்கத்தில் வேறொன்று கிளப்பிவிட்டார்கள்: கோழிக்கோடு விபத்து, அகமதாபாத் விபத்து. மழையில் இறங்குவதுதான் ஆபத்து என்கிறார்கள். வானிலை சார், ஆடி மாதத்தில் பகல் விமானமா இரவு விமானமா, எது நல்லது?

#11 பழைய வானிலைக்காரன்

2025 ஜூன் அகமதாபாத் விபத்து புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் நடந்தது, வானிலையோடு சம்பந்தமில்லை. கோழிக்கோடு வேறு. 2020 ஆகஸ்ட் 7, கொட்டுகிற மழை, பின்காற்று, குன்றின் மேல் அமைந்த மேசை ஓடுபாதை. விமானம் பாதையைத் தாண்டிப் போய் விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள். அதனால் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது தரையிறக்கம்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே குலுங்கும்போது நமக்குத் தெரிகிறது, அதனால் பயப்படுகிறோம். நனைந்த ஓடுபாதை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திருவனந்தபுரத்தில் மேசை ஓடுபாதை கிடையாது. சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய சமதரை, ஓடுபாதை நீளம் சுமார் 3,400 மீட்டர். மழை அடித்துப் பெய்தால் விமானி இறங்காமல் மறுபடி மேலே ஏறுவார், அல்லது கொச்சிக்குத் திருப்புவார். அப்படி நடந்தால் பயணிகள் கோபப்படக் கூடாது. நல்ல விமானி செய்கிற வேலை அது.

இனி ஆடி மாதத்து வானம். திருவனந்தபுரம் வானிலை நிலையத்தில் தினமும் இருவேளை, விடியற்காலையும் மாலையும், பலூன் விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். ஹைட்ரஜன் நிரப்பிய வெள்ளை ரப்பர் பலூன், ஆளுயரத்துக்கு இருக்கும். கீழே நூலில் வெப்பம், ஈரம், அழுத்தம் அளக்கிற சிறு பெட்டி. ஆடியில் அதைக் கையில் பிடித்து நின்றால் மேல் காற்று மலைப்பக்கமாகப் பிய்த்து இழுக்கும். கையை விட்டதும் நேரே மேலே போகாது, கிழக்கே சாய்ந்து ஓடும். வரைபடத்தில் அதன் பாதையைப் போட்டுக்கொண்டே வந்தால், 6, 7 கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் தயங்கி நின்று மேற்கே திரும்பும். கடல் பக்கமாக ஓட ஆரம்பிக்கும். கீழே மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று. அந்த மேல் காற்றுதான் வெப்பமண்டலக் கிழக்கு ஜெட். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் உச்ச வேகம். அது இருப்பதை 1950களில் உலகுக்குக் காட்டியவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். இளம் வயதில் அந்தப் பாதையைக் கையால் வரைந்து பார்த்த நாட்களில் இந்தத் தொழில் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

மஸ்கட் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே கடந்து போகிறது. அதனால் ஆடியில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்று அம்மாவை முன்கூட்டியே தயார்படுத்துங்கள். எதிர்பார்த்த ஆட்டத்தில் பயம் பாதி. இடவப்பாதி மழை மேகம் பரந்து விரிந்து கிடக்கும், மூர்க்கமான இடி குறைவு. நம் பக்கத்தில் மோசமான இடிமேகம் சித்திரை, வைகாசி மாலைகளிலும் துலா (ஐப்பசி) மாத மாலைகளிலும்தான். மதியத்துக்கு மேல் தரை சூடேறி, மலையோரம் எழும்பி, மூன்று நான்கு மணிக்கு இடிக்கும். ஆகவே அம்மா போவது ஆடியில் என்றால் நேரம் பெரிய விஷயமில்லை. திரும்பி வருவது துலா மாதமாக இருந்தால், திருவனந்தபுரத்தில் காலையில் இறங்குகிற விமானமாகப் பாருங்கள்.

#12 மார்த்தாண்டம் பறவை

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கை இறக்கைக்கு நேராகக் கிடைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும், வால் பக்கம்தான் அதிகம். எலும்புத் தேய்மானம் இருப்பதால் கழிப்பறைக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் இருக்கை முதுகைப் பிடித்து நடக்கட்டும். உள்ளே இருக்கும்போது குலுங்கினால் அங்கேயே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெளியே ஓடி வர வேண்டாம். பெல்ட் விளக்கு எரியும்போது சூடான டீ கேட்க வேண்டாம், நாங்கள் தரவும் மாட்டோம். சிங்கப்பூர் சம்பவத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் விளக்கு எரியும்போது சாப்பாடு பரிமாறுவதையே நிறுத்திவிட்டது. நல்ல முடிவு அது, எல்லாரும் செய்ய வேண்டும்.

#13 இரணியல்காரன்

ஆசிரியர் சாரிடம் ஒரு கேள்வி. விமானப் புகையாலும் பூமி சூடாகிறது என்பீர்கள். அப்படியானால் நம் ஆட்கள் வளைகுடாவுக்குப் பறக்கக் கூடாதா?

#14 கோட்டார் ஆசிரியர்

உலகம் வெளிவிடுகிற கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். அந்தப் பங்கு உலக மக்களில் சிறு பகுதியினர் பறப்பதால் வருவது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் வருகிற கட்டடத் தொழிலாளியையும், பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில் இருக்கும்போது கூட்டம் ஒன்றுக்காகப் பறந்துவிட்டு அன்றே திரும்புகிற அதிகாரிகளை அந்தக் கூண்டில் ஏற்றலாம்.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து அர்னால்ட் பார்னெட் குழு 2024இல் வெளியிட்டது. 2018 முதல் 2022 வரை உலகில் விமானம் ஏறியவர்களில் 1 கோடியே 37 லட்சம் பயணத்துக்கு ஓர் உயிர் போயிருக்கிறது. 1968 முதல் 1977 வரையான பத்தாண்டில் அது மூன்றரை லட்சத்துக்கு ஒன்று. வானம் கரடுமுரடாகிக்கொண்டு வருகிற அதே காலத்தில் பறப்பது பாதுகாப்பாகிக்கொண்டே வந்திருக்கிறது. ரேடார், பயிற்சி, பராமரிப்பு, விசாரணை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அந்த வேலை நிற்கக் கூடாது. காற்று மாறுகிற வேகத்துக்கு அதுவும் ஓட வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

#15 தூத்தூர் ஆழ்கடல்

ஆசிரியர் சொன்னது நெஞ்சில் பட்டது. கடலும் சரி வானும் சரி, சூடாக்கியவன் ஒருத்தன், அடி வாங்குகிறவன் வேறொருத்தன்.

#16 தக்கலை வாசகி

அம்மா சம்மதித்துவிட்டார். இறக்கைக்கு நேர் இருக்கையாகக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன்.

இப்போது தங்கை ஒரு கேள்வி கேட்கிறாள். அம்மா திரும்பும்போது அவளும் குழந்தையோடு ஊருக்கு வருகிறாள். குழந்தைக்கு அப்போது இரண்டு மூன்று மாதம் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு வரலாம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. இத்தனையும் படித்த பிறகு அது சரியா என்று தோன்றுகிறது.

#17 மார்த்தாண்டம் பறவை

கேட்டது நல்லது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. என் மனம் அனுமதிப்பதில்லை. ஐந்து கிலோ குழந்தையை வீட்டில் நாள் முழுக்கத் தூக்கலாம். விமானம் திடீரென்று கீழே போகும்போது அதே குழந்தை நம் கையை விட்டு மேலே போகும். எவ்வளவு பாசம் இருந்தாலும் கைக்கு அந்தப் பலம் கிடையாது. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்த விபத்தில் மடிக்குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது, அப்போதைய நடைமுறை அப்படி. ஒரு குழந்தை இறந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் அதன் பிறகு குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடினார். அமெரிக்க விசாரணை அமைப்பும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. மடியில் வைக்கலாம் என்கிற விதி இன்னும் மாறவில்லை.

முடிந்தால் குழந்தைக்கும் ஓர் இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்தலாம் என்று முத்திரை உள்ள குழந்தை இருக்கையை அதில் கட்டிக் கொண்டு வாருங்கள். முன்பதிவின்போதே நிறுவனத்திடம் கேட்டு, எந்த மாதிரியை அனுமதிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால், ஏறியதும் எங்களிடம் கேளுங்கள், தாயின் பெல்ட்டோடு கோர்க்கிற சின்ன பெல்ட் தருவோம். அதைத் தங்கையின் பெல்ட் வளையத்துக்குள் நுழைத்து, குழந்தையின் இடுப்பில் தனியாகப் பூட்ட வேண்டும். ஒரே பெல்ட்டுக்குள் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டவே கூடாது, தாயின் எடை முழுக்கக் குழந்தை மேல் விழும். பால் கொடுக்கும்போதும் அந்தப் பூட்டைக் கழற்ற வேண்டாம். எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், எப்படி உட்கார்ந்தால் வசதி என்று பக்கத்தில் நின்று காட்டித் தருவோம்.